ஹாம்பர்க்: ஒரு துறைமுக நகரத்தை நான்கு நாளில் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஜெர்மனிக்குச் சுற்றுலா என்றால் நம்மவர்கள் மியூனிக், பெர்லின் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஹாம்பர்க் பட்டியலில் வந்தாலும் கடைசியில் வரும். பாதிப் பேர் ரயில் மாறும்போது அதன் நடைமேடையை மட்டும் பார்த்திருப்பார்கள். சுமார் 19 லட்சம் பேர் வாழும் ஊர், நாட்டிலேயே இரண்டாவது பெரிய நகரம். சில வருடங்கள் நான் அங்கே இருந்தேன். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு சுற்றுவது எனக்கு வார இறுதி வேலையாகவே இருந்தது. முதலில் வந்தவர்களைத் தேவாலயம், அருங்காட்சியகம், கடைத்தெரு என்று நடக்கவைத்தே களைத்துப்போகச் செய்தேன். ஊருக்குப் போனபின் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் படகு நல்லா இருந்துச்சு." அதற்கப்புறம் என் திட்டத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். ஹாம்பர்க்கைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

கடல் இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் ஊர் நடுவே ஓடும் எல்பே ஆற்றில் தினமும் இரண்டு முறை ஓதம் ஏறி இறங்கும். காலையில் உங்கள் காலடியில் இருந்த தண்ணீர் மதியம் ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமாகக் கீழே போயிருக்கும். படகு, சந்தை, கிடங்கு எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

படி 1: மாதமும் கிழமையும்

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். அதனால் ஒரு நாளில் ஒன்றரை நாள் சுற்றலாம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். அப்போது நகராட்சி மாளிகை முன்னே போடும் கிறிஸ்துமஸ் சந்தை உண்டு. ஆனால் ஆற்றுக் காற்று முகத்தில் அறையும். மே மாதத் தொடக்கத்தில் துறைமுகத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுவார்கள். 1189 மே 7 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வார இறுதியில் பெரிய பாய்மரக் கப்பல்கள் அணிவகுக்கும், ஓட்டல் வாடகையும் அதோடு சேர்ந்து ஏறும்.

எந்த மாதமானாலும் உங்கள் நான்கு நாளில் ஒரு ஞாயிறு இருக்கட்டும். காரணம் படி 7-இல் வருகிறது. ஞாயிறன்று கடைகள் எல்லாம் மூடியிருக்கும் என்பதால் பால், ரொட்டி, பழம் போன்றவற்றைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். தவறவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் கதி.

மழை எந்த மாதத்திலும் வரும். குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிவிடும். தலைமூடி வைத்த மழைச்சட்டை ஒன்று போதும்.

படி 2: எங்கே தங்குவது

மத்திய ரயில் நிலையத்தைச் சுற்றித் தங்கினால் எல்லா ரயிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் நிலையத்தின் தென்கிழக்குப் பக்கம், ஷ்டைன்டாம் தெருவை ஒட்டிய பகுதி இரவில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். குடும்பத்தோடு வருபவர்கள் நிலையத்துக்கு வடக்கே லாங்கே ரைஹே தெருப் பக்கம் பார்க்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் ஆல்டோனா. அங்கே ரயில் வசதியும் உண்டு, இரவில் தூக்கமும் வரும். ஹாமர்ப்ரூக்கில் ஓட்டல்கள் மலிவு, ஆனால் அது அலுவலகப் பகுதி. மாலை ஏழு மணிக்கு மேல் தேநீர் குடிக்கக்கூட ஆள் கிடைக்காது. இரவு விடுதிகள் நிறைந்த சாங்க்ட் பௌலி, வார இறுதியில் விடியவிடிய சத்தம்.

படி 3: ஒரே டிக்கெட், எல்லா வண்டியும்

இந்த ஊரில் பணம் மிச்சமாகும் இடம் இதுதான். மாநகரப் போக்குவரத்து அமைப்பின் பெயர் எச்.வி.வி. அதன் டிக்கெட் ஒன்று இருந்தால் எஸ்-பான் எனும் நகர ரயில், ஊ-பான் எனும் மெட்ரோ, பேருந்து எல்லாவற்றிலும் போகலாம். துறைமுகப் படகுகளிலும் போகலாம். சுற்றுலா வருபவர்களில் நிறையப் பேருக்குத் தெரியாதது இந்தக் கடைசி விஷயம்தான்.

"ஒன்பது மணி நாள் டிக்கெட்" என்று ஒன்று விற்கிறார்கள். வேலை நாட்களில் காலை 9 மணிக்கு மேல் ஏறுபவர்களுக்கு அது முழு நாள் டிக்கெட்டைவிட மலிவு. நாமோ சுற்றுலாவுக்கு வந்திருக்கிறோம், ஒன்பதுக்கு முன் யார் கிளம்பப் போகிறார்கள்? ஐந்து பேர் வரை சேர்ந்து போகக் குழு டிக்கெட்டும் உண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் தனித்தனியாக வாங்குவது வீண். ஊருக்குள் சுற்ற ஏ, பி என்ற இரண்டு வளையங்கள் போதும், விமான நிலையமும் அதற்குள்ளேயே வருகிறது. அருங்காட்சியகம் பல பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் தள்ளுபடி தரும் ஹாம்பர்க் கார்டை யோசியுங்கள்.

நிலையங்களில் டிக்கெட் கேட்டுத் திறக்கும் கதவு எதுவும் இருக்காது. அதனால் சும்மா ஏறிவிடலாம் என்று தோன்றும். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், 60 யூரோ அபராதம். வெளிநாட்டவர், தெரியாது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

படி 4: வந்த அன்று மாலை

பயணக் களைப்பில் பெரிய திட்டம் வேண்டாம். ராட்ஹவுஸ் நிலையத்தில் ஊ3 வண்டியில் ஏறி, மேற்குத் திசையில், இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். 1912-இல் ஓடத் தொடங்கிய பாதை இது. வண்டி சுரங்கத்திலிருந்து ஏறி வெளிச்சத்துக்கு வந்து, தூண்கள் மேல் கட்டிய பாலத்தில் ஓட ஆரம்பிக்கும். பௌம்வால் நிலையத்தைத் தாண்டியதும் துறைமுகம் முழுதும் ஜன்னலில் விரியும்: பாரந்தூக்கிகள், நிறுத்தி வைத்த பழைய பாய்மரக் கப்பல், கண்ணாடி அலை போன்ற கூரையோடு இசை அரங்கம். மூன்று நிமிடக் காட்சி. நான் அழைத்துப் போன எல்லாரும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

லாண்டுங்ஸ்ப்ரூக்கன் நிலையத்தில் இறங்குங்கள். பெயருக்குப் படகுத்துறை என்று பொருள். துறை முழுவதும் தண்ணீரில் மிதக்கும் மேடைதான், ஓதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். கரையிலிருந்து மேடைக்குப் போகும் சிறு பாலம் காலையில் சமமாக இருந்தால், மாலையில் சறுக்குமரம்போல் சாய்ந்திருக்கும்.

மேடையின் மேற்குக் கோடியில் பச்சைக் குவிமாடம் வைத்த கட்டிடம் தெரியும். பழைய எல்பே சுரங்கத்தின் வாசல் அது. 1911-இல் திறந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் போய்வரக் கட்டினார்கள். நடந்து போகக் கட்டணம் கிடையாது. மின்தூக்கியில் 24 மீட்டர் இறங்கினால் வெள்ளை ஓடு பதித்த குழாய், 426 மீட்டர் நீளம். தலைக்கு மேல் கப்பல் போய்க்கொண்டிருக்கும். சுவரை ஒட்டியே நடங்கள். மீன், நண்டு என்று ஆற்றில் வாழ்பவற்றின் உருவங்கள் மண்சிற்பமாகப் பதித்திருக்கும். குழந்தைகளை எண்ணச் சொன்னால் நடப்பதே தெரியாது.

அக்கரையில் ஏறி வெளியே வந்ததும் திரும்பிப் பாருங்கள். நகரத்தின் மிக அழகான முகம் அங்கிருந்துதான் தெரியும். அந்தி நேரத்தில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும்போது போனால் இன்னும் நல்லது.

படி 5: 62ஆம் எண் படகு

இரண்டாம் நாள் முழுவதையும் இதற்கே ஒதுக்கலாம். லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் இறங்கியவுடன் கட்டைக்குரலில் கூவிக் கூப்பிடுவார்கள்: துறைமுகச் சுற்று, ஒரு மணி நேரம்! 20 யூரோவுக்கு மேல் ஆகும். இப்போதைக்குச் சிரித்துவிட்டு நகருங்கள், அதற்கும் ஒரு நேரம் வரும். 62 என்று எழுதிய அரசுப் படகைத் தேடுங்கள். முதல் முறை நான் எண்ணைப் பார்க்காமல் வரிசை நீளமாக இருந்த படகில் ஏறிவிட்டேன். அது அக்கரைத் தொழிற்சாலைப் பக்கம் போய் நின்றது. எங்களைத் தவிர எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்.

மேல் தளத்தில் உட்காருங்கள். வெயில் அடித்தாலும் மழைச்சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். படகு ஃபிஷ்மார்க்ட் வழியாக, கப்பலின் முன்பகுதிபோல் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டாக்லாண்ட் கட்டிடத்தைத் தாண்டி, நொய்முயூலன் துறைக்குப் போகும். கடைசி நிறுத்தம் ஃபின்கென்வெர்டர், அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். முதலில் கடைசி வரை போய்விட்டு, திரும்பும்போது நொய்முயூலனில் இறங்குவது என் வழக்கம்.

அங்கே பழைய கப்பல்கள் கட்டியிருக்கும் சின்னத் துறை ஒன்று, அதைத் தாண்டி ஓவெல்கொன்னெ என்ற பழைய மாலுமிகளின் தெரு. தெரு என்றால் வண்டி போகாது, நடைபாதைதான். ஒரு பக்கம் சின்னச்சின்ன வீடுகள், மறுபக்கம் அவரவர் தோட்டம், அதற்குக் கீழே மணல். ஆம், ஆற்றங்கரையில் நிஜமான மணல்கரை. துண்டை விரித்து உட்கார்ந்துவிடுங்கள். எதிர்க்கரையில் கண்டெய்னர் முனையம், பாரந்தூக்கிகள் ஓயாமல் பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய கப்பல் வரும். 400 மீட்டர் நீளக் கப்பல்கள்கூட வருவதுண்டு. முதலில் வளைவில் ஒரு சுவர் நகர்வதுபோல் இருக்கும். சத்தமே இருக்காது. அது உங்களைக் கடக்கும்போது கரையிலிருந்து தண்ணீர் மெல்லப் பின்வாங்கும், ஈரமணல் தெரியும். குழந்தைகள் சிப்பி பொறுக்க ஓடுவார்கள். விடாதீர்கள். கப்பல் போய்க் கொஞ்சம் கழித்துத்தான் அலை வரும், வந்தால் மொத்தமாக வரும். செருப்பும் பையும் நனைந்து திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆற்றில் இறங்கிக் குளிக்கவே கூடாது. நீரோட்டம் பொல்லாதது.

கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் யானையைவிடப் பெரிய பாறை ஒன்று கிடக்கும். "வயதான ஸ்வீடன்காரர்" என்று பெயர். 1999-இல் ஆற்றை ஆழப்படுத்தும்போது கிடைத்தது, எடை 217 டன். பனியுகத்தில் பனிப்பாறையோடு ஸ்வீடனிலிருந்து நகர்ந்து வந்தது என்பதால் அந்தப் பெயர்.

காலில் தெம்பு இருந்தால் மாலையில் எஸ்1 வண்டியில் ப்ளாங்கனேசெ போங்கள். மலைச்சரிவில் வீடுகள், இடையே தெருவுக்குப் பதில் படிக்கட்டுகள், மொத்தம் சுமார் 5,000 படிகள். இறங்குவது சுகம், ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். வயதானவர்கள் கூட இருந்தால் அந்தக் குறுகிய வளைவுகளில் ஓடும் சிற்றுந்தில் ஏறுங்கள். ஊர்க்காரர்கள் அதை "மலை ஆடு" என்பார்கள். அதே எஸ்1 முடியும் இடம் வேடல். அங்கே ஆற்றங்கரையில் 1952 முதல், வந்துபோகும் பெரிய கப்பல்களை, அவை எந்த நாட்டுக் கொடியோடு வருகின்றனவோ அந்த நாட்டு மொழியிலும் தேசிய கீதத்தாலும் வரவேற்கிறார்கள். கப்பல் வரும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போனால் காத்திருக்க வேண்டாம்.

படி 6: கிடங்கு நகரமும் மிளகு மூட்டைகளும்

மூன்றாம் நாள் ஷ்பைஹர்ஷ்டாட். கால்வாய்களின் இரு பக்கமும் செங்கல் கிடங்குகள், மரத்தூண்களை நட்டு அவற்றின் மேல் நிற்கின்றன. 1883-இல் வேலை தொடங்கி 1888-இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் திறந்து வைத்தார். ஹாம்பர்க் ஜெர்மன் சுங்க எல்லைக்குள் சேர்ந்தபோது, வரியில்லாமல் சரக்கு வைக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கட்டிய பகுதி. அதற்காக அங்கே குடியிருந்த சுமார் 20,000 பேரை வெளியேற்றினார்கள். செங்கல் அழகைப் பார்க்கும்போது அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பக்கத்து அலுவலகக் கட்டிடங்களோடு சேர்த்து 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் சீலெஹௌஸ் கட்டிடத்தின் கிழக்கு முனைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள், கப்பல் முனையேதான். சிலி நாட்டிலிருந்து வெடியுப்பு கொண்டுவந்து பணம் சேர்த்த வணிகர் 1920களில் கட்டியது.

ஒவ்வொரு கிடங்குக்கும் இரண்டு முகம். ஒன்று தெருவைப் பார்க்கும், இன்னொன்று கால்வாயைப் பார்க்கும். கூரை முகட்டில் இன்றும் கப்பியும் கொக்கியும் தொங்கும். படகில் வந்த காபி, தேயிலை, மிளகு, கம்பள மூட்டைகளை நேராக மாடிக்கு இழுத்தார்கள். இந்த ஊர்ப் பணக்கார வணிகர்களுக்கு இன்றும் உள்ள பட்டப்பெயர் "பெஃப்பர்ஸாக்", அதாவது மிளகு மூட்டை. கேலியும் பொறாமையும் கலந்த சொல். நம் மேற்குக் கடற்கரை மிளகு யார் யாருக்கெல்லாம் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது பாருங்கள். கிடங்கு ஒன்றின் மாடியில் மசாலா அருங்காட்சியகம் இருக்கிறது. சின்ன இடம், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைப் பெரிதாக்கியதுபோல் இருக்கும். சாக்குப்பைக்குள் கைவிட்டு முகர்ந்து பார்க்கலாம். மஞ்சளும் ஏலமும் பார்த்து வளர்ந்த நமக்கு அது கட்டாயம் இல்லை, ஜெர்மன் குழந்தைகள் மிளகை வியந்து பார்ப்பதைப் பார்க்கவே நான் போவேன்.

இதே கிடங்குகளில்தான் மினியாட்டூர் வுண்டர்லாண்ட். 2001-இல் இரட்டைச் சகோதரர்கள் ஃப்ரெடெரிக், கெரிட் ப்ரௌன் தொடங்கியது, உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் அமைப்பு என்று கின்னஸில் இடம் பிடித்தது. பொம்மை ரயில்தானே என்று அலட்சியமாகப் போனவர்கள் நான்கு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருவார்கள். 87இல் ஒரு பங்கு அளவில் ஆல்ப்ஸ் மலை, ஸ்காண்டிநேவியா, இத்தாலி, விமானம் ஓடுதளத்தில் ஓடி மேலே ஏறும் விமான நிலையம். கால் மணிக்கு ஒருமுறை அறை முழுதும் இருட்டி, சின்ன வீடுகளில் விளக்கு எரியும். எங்கோ ஒரு மூலையில் வீடு தீப்பிடிக்கும், தீயணைப்பு வண்டிகள் வரிசையாகக் கிளம்பும். வாரங்களுக்கு முன்பே நேரம் குறித்து டிக்கெட் எடுங்கள். நேரில் போனால் விடுமுறை நாளில் மணிக்கணக்கில் நிற்க நேரும். காலை முதல் நேரம் அல்லது இரவு கடைசி நேரம் கூட்டம் குறைவு.

அங்கிருந்து நடந்தே எல்ப்பில்ஹார்மொனி இசை அரங்கத்துக்குப் போகலாம். கோகோ, தேயிலை, புகையிலை வைத்த பழைய கிடங்கின் தலைமேல் கண்ணாடிக் கட்டிடத்தைத் தூக்கி வைத்ததுபோல் இருக்கும், உயரம் 110 மீட்டர். 2017 ஜனவரியில் திறந்தார்கள். நகரத்தின் பங்கு 77 மில்லியன் யூரோ என்று ஆரம்பித்த கணக்கு கடைசியில் 789 மில்லியனில் வந்து நின்றது. கட்டி முடிக்கும்வரை திட்டிய ஊர் இப்போது விருந்தாளி வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறது. கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பது அதிர்ஷ்டம். 37 மீட்டர் உயரத்தில் கட்டிடத்தைச் சுற்றிவரும் மேடைக்கு யாரும் போகலாம், அதற்கென்று தனி நுழைவுச் சீட்டு உண்டு, நேரம் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. மேலே கொண்டுபோகும் நகரும் படிக்கட்டு நேராகப் போகாமல் வில்போல் வளைந்து போகும். ஏறும்போது அது எங்கே முடிகிறது என்றே தெரியாது.

இருட்டியபின் போகன்ம்யூலன் பாலத்துக்கு வாருங்கள். இரண்டு கால்வாய் பிரியும் முனையில் சின்னக் கோட்டைபோல் ஒரு வீடு, இரு பக்கமும் விளக்கு போட்ட கிடங்குகள். தபால் அட்டையில் வரும் ஹாம்பர்க் அதுதான்.

காசு கொடுத்துப் படகுச் சுற்றுப் போக இதுதான் நேரம். ஒரு விஷயம் மட்டும் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்: "இன்று கிடங்குக் கால்வாய்க்குள் போகுமா?" ஓதம் வற்றியிருந்தால் கால்வாயில் படகு தரைதட்டும், மிக அதிகமாக ஏறியிருந்தால் பாலத்துக்கு அடியில் நுழையாது. உள்ளே போகிற நேரத்தில் தாழ்வான சின்னப் படகையே பிடியுங்கள். பெரிய கப்பல்போல் இருப்பவை கால்வாய்க்குள் வராது. படகோட்டிகள் அடிக்கும் கதைகளையெல்லாம் நம்பவேண்டாம். அவர்களுக்குப் பழைய பெயரே "ஹே லூஹ்ட்", அதாவது "இவன் பொய் சொல்றான்".

படி 7: ஞாயிறு விடியலில் மீன் சந்தை

ஃபிஷ்மார்க்ட் 1703 முதல் நடக்கிறது. கோடையில் காலை 5 மணிக்கு, குளிர்காலத்தில் 7 மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். பிறகு ஜனங்கள் தேவாலயத்துக்குப் போகவேண்டுமே என்று அந்தக் காலத்தில் வைத்த கணக்கு. ஆறு மணிக்கு அங்கே இருங்கள். பாதிக் கூட்டம் தூங்கி எழுந்து வந்தது, மீதிப் பாதி இன்னும் தூங்கவே போகாதது.

மீனைவிடக் கூவுவதுதான் காட்சி. லாரியின் மேல் நின்றுகொண்டு விற்பவர் கூடையில் அன்னாசியை வைப்பார், மாம்பழம் வைப்பார், திராட்சை வைப்பார், "இன்னும் போதாதா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்திவிட்டு மேலே ஒரு சீப்பு வாழைப்பழத்தை எறிவார். மொழி தெரியாவிட்டாலும் நம்மூர் ஏலச்சத்தம் மாதிரி எல்லாம் புரியும். ஒருமுறை அந்த வேகத்தில் கை தூக்கி ஒரு கூடை முழுவதையும் வாங்கிவிட்டேன். அன்று பகல் முழுக்க ஏழெட்டுக் கிலோ பழத்தைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றினோம், அடியில் இருந்த பாதி கனிந்து கூழாகிவிட்டது. விலை குறைய வேண்டுமென்றால் ஒன்பது மணிக்கு மேல் வாங்குங்கள். வாங்கியபின் நேராக அறைக்குப் போய்விடுங்கள்.

1896-இல் கட்டிய மீன் ஏலக்கூடத்துக்குள் ராக் இசைக்குழு பாடும், காலை ஏழு மணிக்கு ஜனங்கள் பீரோடு ஆடுவார்கள். குளிர்காலப் புயல் நாட்களில் இந்தச் சந்தைத் திடலே ஆற்றுக்குள் போய்விடும். எச்சரிக்கையை மதிக்காமல் நிறுத்திய கார்கள் மிதப்பது ஊருக்குப் பழகிய காட்சி.

படி 8: ஆல்ஸ்டரும் பழைய ஊரும்

ஞாயிறு மதியம் தூங்கி எழுந்து நிதானமாகப் போகவேண்டிய பகுதி. ராட்ஹவுஸ் எனப்படும் நகராட்சி மாளிகையில் 647 அறைகள். முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல் உள்முற்றத்துக்குப் போங்கள். அங்கே ஆரோக்கியத்தின் தேவதையான ஹைஜீயாவின் நீரூற்று இருக்கிறது. 1892-இல் இந்த ஊரில் காலரா வந்து 8,600 பேர் இறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டுக்கொண்டிருந்த ஊர் இது. அப்போது தனி ஊராக ஒட்டியிருந்த ஆல்டோனாவில் மணல் வடிகட்டி இருந்ததால் அங்கே நோய் பெரிதாகப் பரவவில்லை. தண்ணீரால் பிழைக்கும் ஊர் தண்ணீராலேயே பட்ட அடியை நடு முற்றத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் சாங்க்ட் நிகோலாய். கோபுரம் மட்டும் நிற்கும், தேவாலயம் இருக்காது. 147 மீட்டர் உயரம், 1874 முதல் இரண்டு வருடம் உலகத்திலேயே உயரமான கட்டிடம். 1943 ஜூலையில் நடந்த குண்டுவீச்சில் நகரத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விமானிகளுக்கு இந்தக் கோபுரம்தான் அடையாளம். கீழறையில் உள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். ஊரை மேலிருந்து பார்ப்பதற்கு இதைவிட மிஹெல் எனப்படும் சாங்க்ட் மிஹாயெலிஸ் கோபுரம் நல்லது, 450க்கும் மேற்பட்ட படிகள், மின்தூக்கியும் உண்டு. வார நாட்களில் காலை பத்துக்கும் இரவு ஒன்பதுக்கும் ஒருவர் கோபுர ஜன்னல் வழியே நான்கு திசையிலும் எக்காளம் ஊதுவார். 300 வருடத்துக்கு மேலான வழக்கம். ஞாயிறு அல்லாத ஒரு நாளில் இரவு ஊதுவதைக் கீழே நின்று கேளுங்கள்.

ஆல்ஸ்டர் ஏரி என்று எல்லாரும் சொன்னாலும் அது அணை கட்டித் தேக்கிய ஆறுதான். வெளி ஆல்ஸ்டரைச் சுற்றி நடக்க ஏழரைக் கிலோமீட்டர். அன்னங்களைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவை அரசாங்கச் சொத்து. அவற்றைப் பார்த்துக்கொள்ள 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஓர் அதிகாரி பதவி இருக்கிறது. குளிர்காலம் வந்தால் அவர் அன்னங்களைப் படகில் ஏற்றி உறையாத குளத்துக்கு அழைத்துப் போவார்.

பக்கத்தில் ப்ளாண்டன் உன் ப்ளோமன் பூங்கா, கட்டணம் கிடையாது. கோடை இரவுகளில் இசைக்கு ஏற்ப நீரூற்றும் விளக்கும் ஆடும். பூங்காவை ஒட்டிய டாம்டோர் நிலையத்தின் மறுபக்கம் ஹாம்பர்க் பல்கலைக்கழகம். நற்றிணை, குறுந்தொகை, அகநானூற்றின் முதல் பகுதி ஆகியவற்றைச் செம்பதிப்பாகக் கொண்டுவந்த ஈவா வில்டன் அங்கேதான் பேராசிரியர். பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் கட்டிடம்தான். ஆனாலும் தமிழ் படிக்கிற விருந்தாளி வந்தால் அந்தப் பக்கமாகவே அழைத்துப் போவேன்.

படி 9: ரேப்பர்பான், போவதா வேண்டாமா

இரவு விடுதிகளும் பாலியல் தொழிலும் வெளிப்படையாக நடக்கும் தெரு. குழந்தைகளோடு மாலை ஆறுமணிக்கு நடந்துவிட்டு வந்துவிடலாம், இரவு வேண்டாம். ஹெர்பெர்ட்ஷ்ட்ராஸ என்ற சந்துக்குத் தடுப்புச்சுவர் போட்டிருப்பார்கள், பெண்களும் 18 வயதுக்கு உட்பட்டவர்களும் போகக்கூடாது என்று பலகை இருக்கும். அந்தப் பக்கம் கேமராவையே எடுக்காதீர்கள். இசைப் பிரியர்கள் க்ரோசெ ஃப்ரைஹைட் தெருவுக்குப் போகலாம். பீட்டில்ஸ் குழு 1960 ஆகஸ்டில் இங்கே உள்ள இந்திரா என்ற விடுதியில்தான் இரவிரவாக வாசிக்கத் தொடங்கியது. தெருப்பெயருக்குப் "பெரிய சுதந்திரம்" என்று பொருள். களியாட்டச் சுதந்திரம் என்று நினைப்போம். உண்மையில் அது, அப்போது இந்தத் தெரு சேர்ந்திருந்த ஆல்டோனாவில் கத்தோலிக்கர் போன்றோருக்குக் கிடைத்த வழிபாட்டு உரிமை. விடுதிகளுக்கு நடுவே இன்றும் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் நிற்கிறது.

சாப்பாடு

ரொட்டிக்குள் மீன் வைத்த ஃபிஷ்ப்ரோட்ஹன் இந்த ஊரின் இட்லி. பிஸ்மார்க், மாட்யெஸ் என்று கேட்டால் ஊறவைத்த, வேகாத மீன் வரும். அது ஒத்துவராது என்றால் "பாக்ஃபிஷ்" கேளுங்கள், மாவில் தோய்த்துப் பொரித்தது. காலையில் ஃப்ரான்ஸ்ப்ரோட்ஹன். இலவங்கப்பட்டையும் வெண்ணெயும் போட்டு மடித்து, நடுவில் அழுத்திவிட்டதுபோல் இருக்கும், ஓரத்தில் சர்க்கரை உருகி மொறுமொறுவென்று ஒட்டும். சூடாகக் கிடைத்தால் இரண்டு வாங்குங்கள். லாப்ஸ்கௌஸ் என்பது உப்பிட்ட மாட்டிறைச்சியும் உருளையும் பீட்ரூட்டும் மசித்த மாலுமிச் சாப்பாடு. ஒருமுறை பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஷான்ஸன் பகுதியில் ஃபலாஃபெல் கடைகள், ஷ்டைன்டாமில் துருக்கி, ஆப்கான் கடைகள். பகலில் அங்கே தாராளமாகப் போகலாம், அரிசிச் சோறு கிடைக்கும். உணவகத்தில் தண்ணீர் தானாக வராது, கேட்டால் பாட்டிலுக்குக் காசு. குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, காலி பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலை எறியாதீர்கள், கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை வைத்திருங்கள்.

எந்த நேரத்திலும் "மொய்ன்" என்று சொல்லிவிடுங்கள். காலை வணக்கமும் அதுவே, மாலை வணக்கமும் அதுவே.

ஒரு நாள் மிச்சம் இருந்தால்

ல்யூபெக் போய்வாருங்கள். ரயிலில் முக்கால் மணி நேரம். இரட்டைக் கோபுர வாசல், செங்கல் தேவாலயங்கள், பாதாம் மாவில் செய்யும் மார்ஸிபான் மிட்டாய். அரை நாள் போதும்.

படி 10: திரும்பும் நாள்

விமான நிலையத்துக்கு மத்திய நிலையத்திலிருந்து எஸ்1, சுமார் 25 நிமிடம். ஏறும்போது வண்டியின் முன்பகுதியில் ஏறுங்கள். ஓல்ஸ்டோர்ஃப் நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரியும், முன்பாதி விமான நிலையத்துக்கும் பின்பாதி பொப்பன்ப்யூட்டலுக்கும் போகும். அறிவிப்பு செய்வார்கள், பேச்சு சுவாரசியத்தில் காதில் விழாது. சித்தப்பாவை வழியனுப்பப் போன அன்று நாங்கள் பின்பாதியில் உட்கார்ந்திருந்தோம். விமான நிலையம் இவ்வளவு அமைதியாகவா இருக்கும் என்று அவர்தான் முதலில் கேட்டார். டாக்சி பிடித்து ஓடினோம்.